வேலைநிறுத்தம்: காலை 10.40 முதல் 10.55 வரை

மாடியிலிருந்து ஜெய்சங்கர் கூப்பிடுகிறார் என்றதும் இருதயநாதன் முதலில் செய்த காரியம், தன் சாப்பாட்டுத் தூக்கைக் கையோடு எடுத்துக்கொண்டதுதான்.

துவாக்குடி பொன்னேர் டிராக்டர்ஸ் கம்பெனியில் அது ஒரு முன்ஜாக்கிரதை. மனிதவளத் துறைக்கு ஏறிப் போகிறவர்கள் ஒரு படிக்கட்டில் ஏறி, இன்னொரு படிக்கட்டில் இறங்கி, நேரே கேட்டுக்கு வெளியே போய் நிற்பார்கள். உள்ளே விட்டுவந்த தூக்கு அதற்குப் பிறகு கம்பெனிச் சொத்து.

மூன்று வாரத்துக்கு முன் தைரியராஜ் அப்படித்தான் போனான்.

அவன் செய்த குற்றம், உட்கார்ந்தது. நான்கு நிமிடம். தொழிற்சாலை முழுக்கத் தேடினாலும் ஒரு ஸ்டூல் கிடைக்காது. உட்காரத் தகுந்த ஒரே பொருள் டிராக்டரின் சீட். அது வாடிக்கையாளருடைய ஆசனம் என்பதால் தொழிலாளி தொடலாம், துடைக்கலாம், அமரக்கூடாது. பதினான்கு வருடம் நின்ற தைரியராஜின் முழங்கால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தானாகவே மடங்கிவிட்டது. நிர்வாக இயக்குநர் ஸ்ரீரங்கராஜன் கைப்பட எழுதிய கடிதம் மாலைக்குள் வந்தது.

'தேவரீர் இத்தனை காலம் ஆற்றிய கைங்கர்யம் இன்றோடு பரிபூர்ணம் அடைகிறது. சீருடையைத் துவைத்து ஒப்படைக்கவும்.'

கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. 'அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.' அதன் கீழே சாட்சிக் கையெழுத்து. இருதயநாதனுடையது.

"போடலைன்னா நீங்களும் உட்கார்ந்ததா அர்த்தம்" என்று சொல்லியிருந்தார் ஜெய்சங்கர். இருதயநாதன் போட்டுவிட்டார். தைரியராஜ் இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு துணிக்கடை வாசலில், "வாங்க, வாங்க" என்று சொல்லும் வேலையில் இருக்கிறான். அதுவும் நின்றுகொண்டுதான். மேலப்புதூரிலிருந்து கம்பெனி பஸ் பிடிக்கும் இருதயநாதன், அந்தக் கடைப் பக்கமே போவதில்லை.

"வாங்க தலைவரே!" என்றார் ஜெய்சங்கர்.

இருதயநாதன் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"உங்களைத்தான். இன்னியிலேருந்து நீங்கதான் பொன்னேர் டிராக்டர்ஸ் தொழிலாளர் சங்கத் தலைவர். வாழ்த்துகள்!"

தூக்கு கையிலிருந்து நழுவியது. ரசம் தரையில் ஓடியது.

"சார்... யூனியனா?"

அந்தச் சொல்லை அவர் பதினாறு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கட்டடத்தில் உச்சரித்தார். உப்பிலியபுரத்து அழகர்சாமி ஒருமுறை வீட்டு வரி விஷயமாக, 'யூனியன் ஆபீஸ் போக வேண்டியிருப்பதால் ஒரு நாள் விடுப்பு' என்று எழுதிக் கொடுத்தான். பஞ்சாயத்து யூனியன்தான். அவனைத் தனி அறையில் வைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள்.

"நார்வே விவசாயிகள் கூட்டுறவு முந்நூறு டிராக்டர் கேக்கறாங்க" என்றார் ஜெய்சங்கர். "ரெண்டே நிபந்தனை. ஒண்ணு, டிராக்டர் எங்கே தயாராகுதுன்னு நேர்ல வந்து பார்ப்பாங்க. ரெண்டு, அந்த இடத்துல தொழிலாளர் சங்கம் இருக்கணுமாம், இயங்கணுமாம். ஆறு வாரத்துல ஓல்சன்னு ஒரு அம்மா வர்றாங்க."

"அதுக்கு நான் எதுக்குங்க சார்?"

"உங்களை மாதிரி சொன்ன இடத்துல கையெழுத்து போடுற ஆள் எனக்கு வேற யாரு இருக்கா?"

இருதயநாதன் தரையில் ஓடிய ரசத்தைப் பார்த்தார். ஜெய்சங்கர் தொடர்ந்தார்.

"தானா ஒரு சங்கம் முளைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"எனக்கும் தெரியாது. அதனாலதான் நாமளே ஒண்ணு செஞ்சிடறோம்."

பயிற்சி வகுப்புகள் மறுநாளே தொடங்கின.

முதல் வகுப்பு: முஷ்டி. கை நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் அது தீவிரவாதம், கீழே வந்தால் பஸ்ஸை நிறுத்துவதுபோல் இருக்கும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார்கள். இரண்டாவது வகுப்பு: கோஷம். கம்பெனி வக்கீல் மூன்று கோஷங்களுக்கு அனுமதி தந்திருந்தார். 'நிர்வாகமே, நிர்வாகமே! நேரமிருந்தால் கவனிக்கவும்!' என்பதுதான் மூன்றிலும் காரமானது.

மூன்றாவது வகுப்பில் ஸ்டிக்கர் பிரிவு அக்னஸ் எழுந்தாள். எழுந்தாள் என்பது பேச்சுக்கு. எல்லோருமே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"சார், ஒரு சந்தேகம். எங்களுக்குக் கோபம் எப்ப வரணும்?"

ஜெய்சங்கர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "பத்து நாற்பத்தி ஒண்ணுக்கு. பத்து நாற்பதுக்கு வேலைநிறுத்தம் ஆரம்பம். ஒரு நிமிஷம் கழிச்சு கோபம். பத்து ஐம்பத்தஞ்சுக்கு சமரசம்."

"அன்னிக்கு லீவு போட்டா?"

"வேலைநிறுத்தத்துக்கு வராதவங்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும்."

"போராட்டம் பண்ணாட்டி சம்பளம் பிடிக்கிற கம்பெனி உலகத்துலயே இது ஒண்ணுதான் சார். பெருமையா இருக்கு."

ஜெய்சங்கர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு குறித்துக்கொண்டார்.

சிக்கல் கோரிக்கையில் வந்தது. சங்கத்துக்குக் கோரிக்கை வேண்டும். ஜெய்சங்கர் இரவெல்லாம் விழித்து எழுதிய பட்டியலில் முதல் கோரிக்கை, 'நிர்வாக இயக்குநரின் பிறந்தநாளைத் தொழிலாளர் திருவிழாவாக அறிவிக்க வேண்டும்.' இரண்டாவது, 'குடிநீரை இன்னும் பாசத்துடன் வழங்க வேண்டும்.'

"வீட்ல படிச்சுக் காட்டினேன்" என்றார் சோர்வாக. "என் ஒய்ஃபே நம்பலை. நார்வேக்காரி எப்படி நம்புவா? ஏதாவது நிஜம் மாதிரி ஒண்ணு சொல்லுங்க இருதயநாதன்."

இருதயநாதனின் தொண்டையில் இத்தனை நாளாக இருந்த ஒரு பெயர் வெளியே வந்தது.

"தைரியராஜைத் திரும்ப வேலைக்கு எடுக்கணும் சார். அப்புறம், ஆளுக்கு ஒரு ஸ்டூல்."

ஜெய்சங்கரின் கண்கள் விரிந்தன. "பிரமாதம்! நிஜம் மாதிரியே இருக்கு!"

அனுமதி வாங்க ஸ்ரீரங்கம் போனார்கள். கீழச் சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜனின் வீடு. கூடத்தில் மூன்று வருடத்துப் பஞ்சாங்கங்கள் அடுக்கியிருந்தன. சட்டப் புத்தகம் ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு அடிக்கல் நாட்டியது முதல் தைரியராஜை அனுப்பியது வரை எல்லாக் கையெழுத்தும் அந்தப் பஞ்சாங்கங்களைக் கேட்டுத்தான் விழுந்தது.

"வாங்கோ, வாங்கோ! உக்காருங்கோ!"

நாற்காலியைக் காட்டினார். பதினாறு வருடப் பழக்கத்தில் இருதயநாதன் அதைத் துடைத்துவிட்டு நின்றார்.

ஸ்ரீரங்கராஜன் கோரிக்கையைப் படித்தார். முகம் கனிந்தது.

"அடியேனுக்குத் தொழிலாளின்னா ப்ராணன், தெரியுமோ? அதனாலதான் உக்கார விடறதில்லே. ப்ராணன் உக்காந்துட்டா அப்புறம் என்ன இருக்கு? இந்தப் பிள்ளையாண்டான் தைரியராஜ் மேல எனக்குத் துளி வருத்தம் கிடையாது. அவன் போனதுலேருந்து நாலு வண்டி கியர் தகராறுன்னு திரும்பி வந்திருக்கு. அதுக்கும் நான் அவனைக் குத்தம் சொல்லலியே!"

"அப்ப கோரிக்கையை ஏத்துக்கிட்டு ஒப்பந்தத்துல கையெழுத்து போடலாமா சார்?" என்றார் ஜெய்சங்கர்.

"பேஷா போடலாம். ஆனா எப்போ போடறோம்னு ஒண்ணு இருக்கோன்னோ?" பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அந்தம்மா வெள்ளிக்கிழமை வரா. வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். சரியா அதுக்குள்ள போட்டுடறேன். ராகு காலத்துல போட்ட கையெழுத்து விளங்கவே விளங்காது. அந்தம்மா ப்ளேன் ஏறினதும் எல்லாம் பழையபடி ஆயிடும்."

"சட்டப்படி சார்..."

"சட்டம் நேத்திக்கு வந்தது, ஓய். ராகு எப்போ வந்தவர்?"

திரும்பும் வழியில் இருதயநாதன் காவிரிப் பாலம் தாண்டும்வரை ஒரே கேள்வியை மனதுக்குள் உருட்டிக்கொண்டே வந்தார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டது தொழிலாளர் துறை அதிகாரி சம்ரீனிடம். சங்கத்தைப் பதிவு செய்ய ஜெய்சங்கர்தான் கூட்டிப் போயிருந்தார். சம்ரீன் இருதயநாதனைப் பார்த்து என்ன கேட்டாலும் ஜெய்சங்கர் பதில் சொன்னார்.

"தலைவர் பேரு?"

"இருதயநாதன் மேடம்" என்றார் ஜெய்சங்கர்.

"எத்தனை உறுப்பினர்?"

"நூத்தி நாப்பது" என்றார் ஜெய்சங்கர்.

"உங்களுக்கு வாய் பேச வருமா?"

"வரும் மேடம்" என்றார் ஜெய்சங்கர்.

சம்ரீன் பேனாவை மூடினார். "சார், கீழே போய் இதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க."

ஜெய்சங்கர் போனதும் இருதயநாதன் கேட்டார். "மேடம், ஒரு ஒப்பந்தத்துல முதலாளி கெட்ட நேரத்துல கையெழுத்து போட்டா அது செல்லாதுங்களா?"

சம்ரீன் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. தேதி எழுத ஒரு கட்டம் இருக்கு. நேரம் எழுதக் கட்டமே இல்லை. ரெண்டு தரப்பும் போட்ட கையெழுத்து போட்டதுதான். அன்னிக்கே ஒரு பிரதி இந்த மேஜைக்கு வந்துடணும். அவ்வளவுதான்."

ஜெராக்ஸோடு ஜெய்சங்கர் திரும்பி வந்தபோது இருதயநாதன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பந்தல், மேளம், 'சமரசமே எங்கள் சங்கம்' என்ற பேனர். ஓல்சன் அம்மாள் ஆறடி உயரம், தலையில் தொப்பி, கையில் ஒரு சின்ன நோட்டு. அவருடைய ஆங்கிலத்தைக் கணக்குப் பிரிவு அனுபமா தமிழாக்கினாள்.

முதல் கேள்வி: "டிராக்டர் எங்கே தயாராகிறது?"

ஸ்ரீரங்கராஜன் முன்னால் நின்ற டிராக்டரின் பானெட்டைத் தடவினார். அதில் பளபளவென்று ஸ்டிக்கர்: 'திருச்சி மண்ணில் பிறந்தவன்.'

"அம்மா, ஸ்தூல சரீரம் எங்கே வேணா பிறக்கட்டும். ஆத்மா இங்கேதான் பிறக்கிறது."

அனுபமா அதை மொழிபெயர்க்கப் பட்ட பாட்டைப் பார்த்து ஓல்சன் அம்மாளுக்கே பரிதாபம் வந்தது. எளிமையாகக் கேட்டார்.

"இன்ஜின்?"

"மகாராஷ்டிரா" என்றார் ஜெய்சங்கர்.

"கியர் பாக்ஸ்?"

"பஞ்சாப்."

"பானெட்?"

"ஹரியானா."

"சீட்?"

"ஓசூர். தமிழ்நாடுதான் மேடம்!"

"இந்த ஸ்டிக்கர்?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"சிவகாசி" என்றாள் அக்னஸ்.

ஓல்சன் அம்மாள் நோட்டை மூடினார். "அப்படியானால் இங்கே என்னதான் செய்கிறீர்கள்?"

இருதயநாதன் யாரும் கேட்காமல் பேசினார். பேசிய பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"சேர்க்கிறோம்மா. இன்ஜினுக்கு கியர் பாக்ஸைத் தெரியாது. ரெண்டும் வேற வேற ஊர். இங்க வந்துதான் முதமுதல்ல பார்க்குதுங்க. இந்த லிவருக்கும் கியருக்கும் நடுவுல ஒரு தண்டு இருக்கு. அதைக் கையால தொட்டுத்தான் பொருத்தணும், மில்லி மில்லியா. அது சரியில்லைன்னா மத்ததெல்லாம் வெறும் இரும்பு. அதைப் பண்றவன் தைரியராஜ்."

"அவர் எங்கே?"

"இல்லைம்மா. நாலு நிமிஷம் உட்கார்ந்தான். போயிட்டான்."

அனுபமா மொழிபெயர்த்தாள். ஓல்சன் அம்மாள் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து நின்றார்.

"ஐயோ, சாகலைங்க!" என்றாள் அக்னஸ். "சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல துணிக்கடையில நிக்கிறான்!"

நிலைமையைக் காப்பாற்ற ஜெய்சங்கர் டிராக்டரில் தாவி ஏறினார். "ஓட்டிக் காட்டறேன் மேடம்! வண்டியே பேசும்!"

சாவியைத் திருகினார். லிவரை முன்னால் தள்ளினார். டிராக்டர் பின்னால் போனது. பதறி இன்னும் முன்னால் தள்ளினார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பந்தல் கால் சாய்ந்தது, மேளக்காரர்கள் சிதறினார்கள், 'சமரசமே எங்கள் சங்கம்' ஜெய்சங்கரின் தலையில் போர்த்திக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியில் முட்டி வண்டி நின்றபோது, தொழிற்சாலை மணி அடித்தது.

பத்து நாற்பது. வேலைநிறுத்தம் தொடக்கம்.

நூற்று நாற்பது பேர் முன்னால் வந்தார்கள். நூற்று நாற்பது முஷ்டிகள் நாற்பத்தைந்து டிகிரியில் உயர்ந்தன. சரியாக ஒரு நிமிடம் கழித்துக் கோபம் வந்தது.

"கொண்டு வா, கொண்டு வா!" என்றாள் அக்னஸ்.

"தைரியராஜைக் கொண்டு வா!" என்றது கூட்டம்.

ஜெய்சங்கர் பேனருக்குள்ளிருந்து வெளியே வந்து கோப்பைப் புரட்டினார். அந்தக் கோஷம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பத்து ஐம்பத்தைந்துக்கு மணி மறுபடி அடித்தது. யாரும் நகரவில்லை. ஜெய்சங்கர் கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். கெஞ்சுவதுபோல் கண்ணால் ஜாடை காட்டினார். "தலைவரே, டைம் ஆச்சு! இப்ப சமரசம்!"

இருதயநாதன் அவரைப் பார்த்தார். நூற்று நாற்பது பேரைப் பார்த்தார். பிறகு, மிக மெதுவாக, பயந்து பயந்து, அந்தத் தொழிற்சாலையின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். நூற்று நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் சொடுக்கும் சத்தம் பட்டாசுச் சரம்போலக் கேட்டது. அழகர்சாமி, "அப்பாடா" என்றான். பத்து வருடத்துக்கான அப்பாடா அது.

"என் அப்பாவும் சங்கத்தில் இருந்தவர்தான்" என்றார் ஓல்சன் அம்மாள். அவரும் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்தவர்கள் இப்போது இரண்டு பேர்தான்.

ஸ்ரீரங்கராஜன் மணி பார்த்தார். பதினொன்று ஐந்து. ராகு உச்சத்தில் இருந்தார். புன்னகையோடு பேனாவைத் திறந்தார்.

"குழந்தைகள் கேட்டு இல்லேன்னு சொல்ற வம்சமா நம்மளுது? கொண்டாங்கோ அந்த ஒப்பந்தத்தை!"

போட்டார். மூன்று பிரதியிலும் சுழித்துச் சுழித்துப் போட்டார். அடுத்தது சங்கத் தலைவர். அதே பேனா. இருதயநாதன் அதை வாங்கினார். 'பார்த்தேன்' என்று போன முறை கையெழுத்துப் போட்ட அதே கை. அழுத்திப் போட்டார், தாள் கிழியாததுதான் ஆச்சரியம்.

சாட்சி என்ற இடத்தில் ஓல்சன் அம்மாள் கையெழுத்திட்டார்.

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு அவருடைய கார் கேட்டைத் தாண்டியது. பன்னிரண்டு மூன்றுக்கு ஜெய்சங்கர் அட்டைப்பெட்டியோடு வந்தார். "பேட்ஜெல்லாம் இதுல போடுங்க. நாடகம் முடிஞ்சது. தலைவர் எங்கே?"

"அரை நாள் லீவு போட்டிருக்காரு சார்" என்றாள் அக்னஸ். "யூனியன் ஆபீஸ் போறாராம்."

சம்ரீனின் மேஜைக்கு ஒப்பந்தப் பிரதி ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து இருதயநாதன் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். துணிக்கடை வாசலில் தைரியராஜ் வந்த ஆள் யார் என்றுகூடப் பார்க்காமல், "வாங்க, வாங்க" என்றான்.

"நீ வாடா" என்றார் இருதயநாதன். "நான் போட்ட கையெழுத்தை நானே அடிச்சிட்டேன். திங்கக்கிழமை வேலைக்கு வா."

தைரியராஜ் அவரைக் கொஞ்ச நேரம் முறைத்தான். "மறுபடியும் எதுலயாவது கையெழுத்து போட்டுத் தொலைச்சிட்டீங்களாண்ணே?"

"ஆமாண்டா. இந்தத் தடவை படிச்சுட்டுப் போட்டேன்."

திங்கட்கிழமை காலை தைரியராஜ் தூக்கோடு கேட்டில் நின்றான். ஸ்ரீரங்கராஜன் சம்ரீனுக்குப் போன் செய்து ராகு காலத்தின் மகிமையை இருபது நிமிடம் விளக்கினார்.

"கேட்டுக்கிட்டேன் சார்" என்றார் சம்ரீன். "ஆனா படிவத்துல நேரத்துக்குக் கட்டம் இல்லைங்க சார். தேதி சரியா இருக்கு."

அதே மதியம் நார்வேயிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. முந்நூறு டிராக்டரும் உறுதி. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை மட்டும். ஸ்டிக்கரை மாற்ற வேண்டும். இன்ஜின், கியர் பாக்ஸ், பானெட், சீட் எல்லாவற்றுக்கும் ஊர் பெயர் போட்டு, கடைசி வரியில் 'ஒன்று சேர்த்தது திருச்சியில்' என்று போட வேண்டும். லிவர் முன்னே தள்ளினால் முன்னே போக வேண்டும்.

ஸ்ரீரங்கராஜன் அன்று மூன்று பஞ்சாங்கங்களையும் மறுபடி மறுபடி புரட்டினார். ராகு எப்படி நார்வே பக்கம் சாய்ந்தார் என்பது பிடிபடவில்லை. யாரோ தவறு செய்திருக்க வேண்டும். கடைசியில் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

புதன்கிழமை, முறையான நல்ல நேரத்தில், ஒரு கடிதம் கையெழுத்தானது.

மதியச் சாப்பாட்டு வேளை. ஷெட் முழுக்கப் புது ஸ்டூல்கள். மூலையில் ஒரு மேஜை போட்டு, 'சங்க அலுவலகம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள் அக்னஸ். ஒரு டிராக்டருக்கு அடியில் தைரியராஜ் தண்டைப் பொருத்திக்கொண்டிருந்தான். இருதயநாதன் சாதத்தில் ரசம் ஊற்றினார். தலைக்கு மேலே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஜெய்சங்கர் இறங்கி வந்தார். கேட்டுக்குப் போகும் படிக்கட்டில் அல்ல, இந்தப் பக்கப் படிக்கட்டில். கையில் தூக்கு இல்லை. ஒரு கடிதம் மட்டும்.

மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கடிதத்தை நீட்டினார். 'தேவரீர் ஆற்றிய கைங்கர்யம்' என்று தொடங்கியது.

"எட்டு வருஷம்" என்றார். குரல் உடைந்திருந்தது. "இருதயநாதன்... தலைவரே... இந்தச் சங்கத்துல... நான்..."

அக்னஸ் நிமிர்ந்தாள். "கோஷம் தெரியுமா சார்?"

ஜெய்சங்கர் மெல்லத் தலையாட்டினார்.

"கை எத்தனை டிகிரி?"

"நாற்பத்தஞ்சு" என்றார் ஜெய்சங்கர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டிராக்டருக்கு அடியிலிருந்து தைரியராஜ் தலையை நீட்டினான். ஜெய்சங்கரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வெளியே ஊர்ந்து வந்து, தன் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினான்.

"சேர்த்துக்க விதி இருக்கான்னு மேடத்தைக் கேட்டுச் சொல்றோம் சார்" என்றார் இருதயநாதன், தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு. "முதல்ல உட்காருங்க."

ஜெய்சங்கர் ஸ்டூலைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

"சும்மா உட்காருங்க சார்" என்றாள் அக்னஸ். "சாட்சிக் கையெழுத்து போட இங்க இனிமே யாரும் இல்லை."